கடைசி வரிசை வரை

ஒரு திருமணத்தைப் பொறுப்பேற்று நடத்துகிறவர்கள் எடுக்க வேண்டிய முடிவுகள் எத்தனையோ உண்டு. மண்டபம், பந்தல், சேலை, அழைப்பிதழில் யார் பெயர் முதலில் வருவது என்பன போன்ற பெரிய வினாக்களையெல்லாம் நாங்கள் ஓரளவு அமைதியாகவே கடந்துவிட்டோம். ஆனால் எங்கள் இளைய மகளின் திருமணத்தை முன்னிட்டுக் கணவன் மனைவியாகிய நாங்கள் இருவரும் மிகுதியாகப் பேசியதும், பின்னர் இரண்டு நாள் பேசாமலிருந்ததும் கேக்கைக் குறித்துத்தான் என்றால் வாசக அன்பர்கள் நகைக்கக்கூடும். அணிச்சல் என்று அதற்கு ஒரு நல்ல தமிழ்ச்சொல் வழங்குகிறது. தூத்துக்குடிக் கடைத்தெருவில் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டால் வெறுங்கையோடுதான் வீடு திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே இங்கும் கேக் என்றே எழுதுகிறோம்.

எங்கள் சண்டையின் வேர் ஏழு ஆண்டுகளுக்கு முன்னால் இருந்தது. 2016ஆம் ஆண்டில் எங்கள் மூத்த மகனுக்குத் திருமணம் நடந்தது. திருப்பலி முடிந்து மண்டபத்துக்கு வந்ததும் மணமக்கள் கேக் வெட்டி ஒருவருக்கொருவர் ஊட்டுவதும், பிறகு தட்டுகளில் துண்டுகள் விருந்தினரிடம் செல்வதும் எங்கள் பக்கத்து வழக்கம். அந்தத் திருமணத்துக்கு நான்கு அடுக்குக் கேக் சொல்லியிருந்தோம். விலையைக் கேட்டு நாங்கள் தயங்கியபோது கடைக்காரர் ஒரு வழி சொன்னார். மேல் அடுக்கு மட்டும் கேக். கீழே உள்ள மூன்றும் தெர்மோகோல். மேலே சீனிப் பூச்சு பூசிவிட்டால் எவராலும் கண்டுபிடிக்க முடியாது. இப்போது எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். விருந்தினருக்குக் கொடுக்கச் சாதாரணக் கேக்கைத் தனியாகத் தட்டில் வெட்டித் தருகிறோம் என்றார். அவர் எங்களை ஏமாற்றவில்லை. எல்லாவற்றையும் சொல்லித்தான் விற்றார். ஒப்புக்கொண்டவர்கள் நாங்கள்.

கேக் கம்பீரமாகத்தான் நின்றது. நிழற்படங்களில் இன்றும் நிற்கிறது. விருந்தின் பாதியில் உறவுக்காரச் சிறுவன் ஒருவன் அடி அடுக்கில் விரலை விட்டுக் குடைய, வெள்ளை மணிகள் உதிர்ந்தன. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்து வைத்தோம். அது போகட்டும். எங்களை உறுத்தியது வேறொன்று. செலவைக் குறைப்பதற்காக முந்நூறு துண்டுகளே சொல்லியிருந்தோம். வந்திருந்தவர்களோ அறுநூறுக்கு மேல். தட்டுகள் முன் வரிசைகளில் அமர்ந்திருந்த பெரிய மனிதர்களைச் சுற்றி வந்து, நடுப்பகுதியைத் தாண்டும் முன்பே காலியாகிவிட்டன. பின்னால், கடைசி வரிசையில், எங்கள் அத்தை அமர்ந்திருந்தார்.

விடைபெறும்போது அத்தை எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டு, "கேக்கு பார்க்க ரொம்ப அழகா இருந்துச்சு, ராசா" என்றார். அன்றைய பரபரப்பில் நாங்கள் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டோம். நான்கைந்து நாள் கழித்து, மீதமான பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓய்ந்து அமர்ந்திருந்த ஒரு மாலையில், எங்களில் ஒருவருக்குத் திடீரென்று உறைத்தது. நன்றாயிருந்தது என்று அத்தை சொல்லவில்லை. பார்க்க அழகாயிருந்தது என்றார். தின்னாதவர் வேறென்ன சொல்ல முடியும்? கானாவூர்த் திருமணத்தில் குறைவு ஏற்பட்டதைக் கவனித்துச் சொல்ல ஒரு தாய் இருந்தார். எங்கள் வீட்டுத் திருமணத்தில் அதைக் கவனிக்க ஒருவரும் இல்லாமற் போனோம்.

இதில் கசப்பு என்னவென்றால், 1986ஆம் ஆண்டு எங்கள் திருமணத்துக்குக் கேக் செய்தவரே அந்த அத்தைதான். 1957இல் மணமாகிக் கொழும்புக்குப் போனவர் அவர். மாமா புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதினார். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு நடந்து போகும் தூரத்தில் குடியிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பறங்கியர் குலப் பெண்மணி ஒருவரிடம் அத்தை கேக் செய்யக் கற்றுக்கொண்டார். 1971இல் ஊர் திரும்பியபோது அவர்கள் கொண்டுவந்த உடைமைகளில் இரண்டு தகரத் தட்டுகளும் ஒரு ஜாதிக்காய்த் துருவியும் இருந்தன என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இலங்கையில் திருமணக் கேக்கை வெட்டித் தட்டில் நீட்டுவது வழக்கமில்லை. சிறு சிறு துண்டுகளாக வெட்டி, தாளில் சுற்றிச் சின்னஞ்சிறு பெட்டியில் வைத்து ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தனுப்புவார்கள். வர முடியாதவர்களுக்கும் வீட்டுக்குப் போகும். மணமாகாத பெண்கள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தால் வரப்போகிறவன் கனவில் வருவான் என்பது அங்கே விளையாட்டாகச் சொல்லும் பேச்சு. எங்கள் திருமணத்தன்று அப்படித்தான் எல்லாருக்கும் கிடைத்தது. அதை நாங்கள் மறந்துவிட்டிருந்தோம்.

இத்தகைய பெட்டிகள் ஆங்கிலேயரிடமிருந்து வந்தவை. விக்டோரியா அரசியாரின் திருமணம் 1840 பிப்ரவரியில் நடந்தபோது செய்த கேக் ஏறத்தாழ முந்நூறு பவுண்டு எடை. அதன் துண்டுகளும் பெட்டிகளில் பலருக்கும் போயின. அவற்றுள் ஒன்று எவராலும் தின்னப்படாமல் 176 ஆண்டுகள் கிடந்து, 2016இல் இலண்டனில் ஏலத்துக்கு வந்தது. எங்கள் மகனின் திருமணம் நடந்த அதே ஆண்டு! பொய்க் கேக்கும் நம் ஊரார் கண்டுபிடிப்பு அன்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் சீனிக்குப் பங்கீடு வந்து, 1940இல் கேக்கின் மேல் சீனிப் பூச்சு பூசுவதே தடை செய்யப்பட்டது. அப்போது அட்டையால் செய்த அடுக்கு மூடியை வாடகைக்கு வாங்கி வந்து, அதன் உள்ளே கையகலக் கேக் ஒன்றை வைத்துத் திருமணத்தை நடத்தினார்கள். அது பஞ்சத்தின் மூடி. அது அட்டை என்று வந்தவர்கள் அனைவருக்கும் தெரியும். நாங்கள் வாங்கிய மூடிக்கு எந்தப் பஞ்சத்தைக் காரணம் காட்டுவது?

2023இல் மகளுக்கு வரன் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் நாகர்கோவில் பக்கத்தினர். தவக்காலமும் பாஸ்காவும் கழித்து மே மாதத்தில் நாள் குறித்தோம். நிச்சயத்துக்கு வந்தபோது அவர்கள் பெரிய எவர்சில்வர் தூக்கு நிறைய முந்திரிக்கொத்து கொண்டுவந்திருந்தார்கள். வறுத்த பாசிப்பயறும் வெல்லமும் தேங்காயும் சேர்த்து உருட்டி, மாவில் தோய்த்துப் பொரித்தெடுப்பது. பல் உறுதியாக இருப்பவர்களுக்கு அமுதம். அதைத் தின்றுகொண்டிருக்கும்போதே மகள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். ஐந்து அடுக்கு.

எங்களில் ஒருவர் உடனே மறுத்தார். மற்றவர், அவளுக்கு ஒரு நாள் தானே என்றார். சண்டை அங்கே தொடங்கியது. மகள் நேராகக் கேட்டாள்: "அண்ணன் கல்யாணத்துக்கு மட்டும் நாலு அடுக்கு. எனக்கு ஒண்ணா?" நியாயமான கேள்விதான். பெண் பிள்ளைக்குக் குறைத்துச் செய்கிறோம் என்ற பேச்சு வந்தால் எந்தத் தாய் தகப்பனுக்குத்தான் பொறுக்கும்? அண்ணன் கேக்கில் மூன்று அடுக்கு தெர்மோகோல் என்று நாங்கள் சொன்னோம். அது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அதனால் என்ன, எனக்கும் தெர்மோகோலே இருக்கட்டும் என்றாள்.

கடைகளில் ஏறி இறங்கியபோது வேறு சிக்கல்களும் வந்தன. மே மாதத்தில் எங்கள் ஊர் மண்டபத்தில் குளிர்சாதனம் ஓடினாலும் கதவு திறந்து மூடும்போதெல்லாம் கடற்காற்று புகுந்துவிடும். வெண்ணெய் 32 டிகிரி வெப்பத்தைத் தாண்டினால் இளகத் தொடங்கும். வெண்ணெய்ப் பூச்சு பூசிய கேக் திருப்பலி முடிவதற்குள் சாய்ந்துவிடும். ஆகையால் ஃபாண்டன்ட் என்னும் சீனி மாவுப் போர்வை போடலாம் என்றார்கள். அதில் பெரும்பாலும் ஜெலட்டின் சேர்ப்பார்கள்; ஜெலட்டின் என்பது விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. அதைக் கேட்டால் கடைச் சிப்பந்திகளுக்கே தெரிவதில்லை. எங்கள் தெருவில் இசுலாமியக் குடும்பங்கள் மூன்று. அலுவலக நண்பர்களில் முட்டை தொடாதவர்கள் பலர். பழக் கேக் என்றால் ரம் அல்லது பிராந்தி. எல்லாரையும் அழைத்துவிட்டுப் பாதிப் பேர் தொடமுடியாத ஒன்றை நடுவில் நிறுத்திவைப்பது என்ன விருந்து என்று எங்களுக்குள் விவாதம் வளர்ந்தது. கேக்கில் செருகும் பூக்களைப் பற்றியும் ஒரு சொல்: அலங்காரத்துக்காக அகப்பட்ட பூவையெல்லாம் செருகுகிறார்கள். ஒரு கடையின் மாதிரிப் படத்தில் இருந்தது அரளி. அரளி நஞ்சு என்று ஊரில் அறியாதார் யார்?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களில் ஒருவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இந்நாளில் எந்தப் பந்தியில் அமர்ந்தாலும் இடமும் வலமும் இருப்பவர்கள் இனிப்பை இலை ஓரத்துக்குத் தள்ளி வைப்பதைக் காணலாம். கருப்பட்டியில் செய்தால் சர்க்கரை ஏறாது என்று எங்களுக்கு அறிவுரை சொன்னவர்கள் பத்துப் பேருக்குக் குறையாது. அது வெறும் நம்பிக்கை. கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். மே மாதமாக இருந்தது நல்லதாயிற்று. எங்கள் பக்கத்தில் அது நுங்குக் காலம். சீனி எதுவும் சேர்க்காமல் இளநுங்கைச் சிறு கிண்ணங்களில் வைப்பதென்று முடிவு செய்தோம். முட்டை தொடாதவர்களுக்கு முதலூர் மஸ்கோத் அல்வா; தேங்காய்ப்பாலில் கிண்டுவது. ஐஸ்கிரீம் மண்டபத்தார் பொறுப்பு. இவை ஒரே மாலையில் முடிந்துவிட்டன. கேக் மட்டும் முடியவில்லை.

மகள் அழைப்பிதழ் கொடுக்கத் தனியாக அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். அத்தைக்கு அப்போது வயது 86. ஒரு கண்ணில் பார்வை ஏறக்குறைய இல்லை. அங்கே என்ன பேசினார்களோ, எங்களுக்குத் தெரியாது. இரவு திரும்பி வந்தவள், "கொழும்பு கேக்கு போடலாம். பெட்டியில வச்சு எல்லாருக்கும். எனக்கு வெட்ட ஒரு அடுக்கு போதும், அது முழுசும் கேக்கா இருக்கணும்" என்றாள். சற்று நேரம் கழித்து, படத்துக்கு எடுப்பாக இருக்க உயரமான பீடம் ஒன்று வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டாள். பீடத்துக்கு நாங்கள் மறுப்புச் சொல்லவில்லை.

மறுநாள் நோட்டுப் புத்தகமும் கையுமாக அத்தை முன்னால் அமர்ந்தோம். இலங்கையில் மணவிழாவுக்கென்று செய்யும் ரிச் கேக்குக்குப் பழங்களைப் பிராந்தியில் வெகுநாள் ஊறவைக்க வேண்டும், அதற்கு நேரமில்லை, உங்கள் தெருக்காரர்களுக்கும் ஆகாது என்று அத்தையே அதைத் தள்ளிவிட்டார். லவ் கேக் போதும் என்றார். கால் கிலோ ரவை, அரைக் கிலோ சீனி, கால் கிலோ வெண்ணெய், முந்நூறு கிராம் முந்திரி, பத்து முட்டையின் மஞ்சள் கரு, கொஞ்சம் தேன், ஜாதிக்காய், ஏலக்காய், எலுமிச்சைத் தோல் துருவல், ரோஜாப் பன்னீர். எழுதுவதற்கு எதுவும் இல்லாததைப் போல விரைவாகச் சொல்லி முடித்தார். பன்னீர் எவ்வளவு என்று கேட்டதற்கு, "மணம் வர்ற வரைக்கும்" என்பதே விடை.

எண்ணூறு துண்டு, ஒவ்வொன்றும் 35 கிராம் என்று கணக்குப் போட்டோம். 28 கிலோ. அத்தையின் அளவில் இருபது பங்கு. இருநூறு மஞ்சள் கரு! வீட்டில் செய்கிற காரியம் அன்று. பழைய விறகு அடுப்பை இன்னும் வைத்திருக்கும் சிறிய பேக்கரி ஒன்றைத் தேடிப் போனோம். மாஸ்டர் சீட்டை வாசித்தார். ரவையிலா கேக் என்று புருவத்தை உயர்த்தியவர், முட்டைக் கணக்கைக் கண்டதும் முகம் மலர்ந்தார். "மஞ்சக்கரு உங்களுக்கு, வெள்ளைக்கரு எனக்கு மக்ரூனுக்கு ஆச்சு. ஒண்ணும் வீணாகாது சார்."

எங்களுக்கு அதுவரை தோன்றாத கணக்கு அது. எங்கள் ஊர் மக்ரூனுக்கு வேண்டியது வெண்கரு மட்டுமே. அதைச் சீனியோடு நுரைக்க நுரைக்க அடித்து, பொடித்த முந்திரியைக் கலந்து, காகிதக் கூம்பில் இட்டுப் பிழிந்து, தணிந்த சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுப்பார்கள். போர்த்துக்கீசியர் வழி வந்தது என்பது ஊரார் கூற்று. அந்த முந்திரியும் பிரேசிலிலிருந்து அவர்கள் கொண்டுவந்த மரத்தின் காய்தான். கொழும்பு லவ் கேக்கும் அவர்கள் வழி வந்தது என்றே சொல்வர். போர்த்துக்கல் நாட்டுக் கன்னியர் மடங்களில் வெண்கருவை உடைகளுக்குக் கஞ்சியாகப் போட்டுவிட்டு, மிஞ்சிய மஞ்சள் கருவில் இனிப்புச் செய்தார்களாம். கடலின் இந்தக் கரையில் வெள்ளை, அந்தக் கரையில் மஞ்சள். இருநூறு முட்டையும் அன்று ஒரே அடுப்படியில் சேர்ந்தன. ஆக, பெட்டியில் கேக்கோடு ஒரு மக்ரூனும் வைப்பதென்று ஆயிற்று. மக்ரூன் காற்றுப் பட்டால் நொடியில் நமத்துவிடும். அதைத் தனி உறையில் அடைக்க வேண்டியிருந்தது.

சோதனைக்குப் போட்ட முதல் தட்டு கெட்டுப்போனது. அடிப்பக்கம் கரி, நடுவில் கூழ். மாஸ்டருக்கு வருத்தம், எங்களுக்குக் கலக்கம். கரிந்த துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அத்தையிடம் ஓடினோம். கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்தவர், "தட்டுக்கு அடியில பேப்பர் மடிச்சுப் போட்டீங்களா?" என்றார். என்ன பேப்பர்? செய்தித்தாளை ஏழெட்டு மடிப்பாகத் தட்டின் அடியிலும் ஓரத்திலும் போட்டு, அதன்மேல் வெண்ணெய் தடவிய தாளை விரித்துத்தான் கலவையை ஊற்ற வேண்டுமாம். அப்போதுதான் சூடு மெல்ல ஏறும். ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டோம். "அதையும் சொல்லணுமா?" என்றார். இப்படித்தான் எத்தனையோ கைப்பக்குவங்கள் சொல்லாமலே போய்விடுகின்றன போலும்.

இரண்டாம் தட்டு சரியாக வந்தது. சீனி நிறைந்த கேக் ஆதலால் நாள்பட நிற்கும். நான்கு நாள் முன்னதாகவே எல்லாம் வெந்து, வெட்டி, தாளில் சுற்றியாயிற்று. எங்கள் வீட்டுக் கூடத்தில் உறவுப் பிள்ளைகள் நள்ளிரவு வரை பெட்டி மடித்தார்கள். செலவு? நான்கு அடுக்குப் பொய்க் கேக்கைவிடக் குறையவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். முந்திரி விற்கிற விலையில் எப்படிக் குறையும்?

திருமண நாளில் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கட்டளை இட்டிருந்தோம். பெட்டிகளைப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். கடைசி வரிசை; வெளியே செருப்பு வைக்குமிடத்தில் இருக்கிற காவலாளி; மேளக்காரர்கள்; அடுப்படி ஆட்கள்; பிறகு முன்னால். மேடையில் ஒற்றை அடுக்குக் கேக் தன் பீடத்தின்மேல் வெள்ளையாக, சிறிதாக இருந்தது. மகள் வெட்டினாள், கத்தி அடிவரை இறங்கியது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் எங்கள் பக்கம் சாய்ந்து, "கேக் இவ்வளவுதானா?" என்று கேட்டார். கூச்சமாகத்தான் இருந்தது. ஏதோ சொல்லிச் சமாளித்தோம். முன் வரிசையில் இருந்த ஒரு முக்கியமான மனிதர் பெட்டி தம்மிடம் வரும் முன்பே வேலை இருக்கிறதென்று எழுந்து போய்விட்டதும் எங்கள் காதுக்கு வந்தது. அவருக்கு மறுநாள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

கூட்டம் சற்று அடங்கியதும் பின்னால் போனோம். அத்தை அதே கடைசி வரிசையில், மின்விசிறிக்கு அடியில் அமர்ந்திருந்தார். முன்னால் வந்து உட்காரச் சொன்னோம், இங்கே காற்று வருகிறது என்று மறுத்துவிட்டார். மடியில் பெட்டி திறந்திருந்தது. பாதித் துண்டு வாயில் இருந்தது. நாங்கள் இருவரும் பள்ளிப் பிள்ளைகளைப்போல அவர் மென்று முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தோம்.

"பன்னீர் ஒரு சொட்டுக் கூடிப்போச்சு" என்றார் அத்தை. பிறகு மீதிப் பாதியைத் தாளில் திரும்பச் சுற்றிச் சுருக்குப் பையில் போட்டு, கயிற்றை இழுத்து முடிச்சிட்டார்.